சிவப்பு இருந்த பக்கம்

சாயங்காலம் மருந்தறையைப் பூட்டினால் மறுநாள் காலை வரை என்னோடு பேச ஆள் கிடையாது. ஜவ்வாது மலைமேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். ஊருக்கு மருந்தம்மா. பகல் முழுக்க ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வரிசை நிற்கும். இது காலையில், இது ராத்திரியில், வெறும் வயிற்றில் போடாதீர்கள் என்று ஒரே பாட்டைப் பாடி வாய் வலித்துப் போகும். பூட்டிய பிறகு பின்னாலிருக்கும் குடியிருப்புக்கு நடப்பேன். காலையில் நான் குடித்துவிட்டு வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதை நகர்த்தக்கூட ஆளில்லாத வீடு எப்படிப்பட்டது என்று அதில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் கணவர் இங்கே பள்ளி ஆசிரியராக இருந்தார். ஒரு தை மாதத்துக் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் மலை இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் சொல்லப்போவது அதே வருடம் கார்த்திகையில் நடந்தது.

அவர் விட்டுப்போனது ஒரு பழைய சின்னக் கார். என்னிடம் கோபித்துக்கொண்ட நாட்கள் உண்டு, அந்தக் காரிடம் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அவர் ஓட்டுவார், நான் இடது பக்கம் உட்கார்ந்து மேடு பள்ளம் சொல்வேன். அவர் போனதும் மகன் காரை விற்றுவிடச் சொன்னான். நான் லீவு போட்டுவிட்டுத் திருப்பத்தூர் போய், கல்லூரிப் பெண்களுக்கு நடுவில் நரைத்த தலையோடு உட்கார்ந்து கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவர் என்னை 'ஆயா' என்று ஒரு முறை கூப்பிட்டார். மறுமுறை கூப்பிடாதபடி பார்த்துக்கொண்டேன்.

மகன் பெங்களூரில் இருக்கிறான். அவனும் மருமகளும் நல்லவர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இருவரும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஒன்பதாவது மாடியில், சாத்திய கதவுக்குப் பின்னால், அடுத்தவர் வீட்டு சோபாவில் நான் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே இருக்கும் தனிமையாவது என் வீட்டுத் தனிமை. இதை அவனிடம் சொன்னபோது, "சரிம்மா, ஒரு கண்டிஷன். அந்த வண்டி ஒரே ஒரு தடவை உன்னை நடுவழியில விட்டாலும் வித்துட்டு எங்கூட வந்துடணும்" என்றான். வண்டி இல்லாமல் ஒற்றைப் பொம்பளை இந்த மலையில் இருக்க முடியாது என்பது அவன் வாதம். அதில் நியாயம் இருந்தது, அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சரி என்று ஒப்புக்கொண்டேன்.

சாயங்காலங்களில் நான் அந்தக் காரில் போய் உட்கார்ந்துகொள்வேன். எங்கும் போக அல்ல. பலா மரத்தடியில் நிற்கும் வண்டியில், என் பழைய இடமான இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, சாவியைப் பாதி திருப்பி ரேடியோ கேட்பேன். வீட்டில் டிவி இருந்தது. ஆனால் அதை அறைக்கு நடுவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், சுற்றிலும் காலி நாற்காலிகள் தெரியும். காரில் அப்படி இல்லை. ஒருவர் இறங்கிக் கடைக்குப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்பது போல இருக்கும். நிலக்கடலையில் வேரழுகலுக்கு என்ன மருந்தடிப்பது என்று ரேடியோவில் ஒருவர் சொல்வார். எனக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது, இருந்தாலும் கவனமாகக் கேட்பேன். சிலர் இறந்தவர் போட்டோவைப் பார்த்துப் பேசுகிறார்கள். எனக்கு அது ஆகாது. பதில் வராது என்று தெரிந்துகொண்டே பேசுவதற்கு எனக்குக் கிறுக்கா பிடித்திருக்கிறது என்று நினைப்பேன். ரேடியோ பேசும், நான் கேட்பேன், அதோடு சரி.

ஒரு புதன்கிழமை மழை. ரேடியோ கேட்டபடியே சீட்டில் கண் அசந்துவிட்டேன். விழித்தபோது சத்தம் நின்றிருந்தது. மழையில் ஸ்டேஷன் எடுக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டேன். சாவியைத் திருப்பி அணைக்கவில்லை.

மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மகன் வருகிறான். ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவான், நான் காரில் போய் அழைத்து வர வேண்டும் என்று ஏற்பாடு. வண்டி நின்றிருப்பதைப் பார்த்தானானால் என் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவான்.

அந்த நேரம் ஜீப்புக்காரர் வந்து சேர்ந்தார். மலைக்கும் ஆலங்காயத்துக்கும் ஆளும் புளி மூட்டையும் ஏற்றிக்கொண்டு போகிறவர், மலைக்காரர், நாற்பது வயதிருக்கும். அவர் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வந்திருந்தார்.

"இன்னா மருந்தம்மா, வண்டி எடுக்கலியா?"

"பேட்டரி எறங்கிடிச்சி தம்பி."

"இவ்ளோதானா? எங்க ஜீப்பு பேட்டரில இருந்து ஒரு தட்டு தட்னா எடுத்துக்கும்."

ஜீப்பைக் கொண்டுவந்து என் வண்டிக்கு மூக்கோடு மூக்காக நிறுத்தினார். சீட்டுக்கடியிலிருந்து இரண்டு துண்டு ஒயர் எடுத்தார். பம்பு செட்டு ஒயரில் வெட்டியது, இரண்டுமே கறுப்பு. பானட்டைத் தூக்கி உள்ளே குனிந்தார். நான் சாவியைப் பிடித்துக்கொண்டு டிரைவர் சீட்டில் இருந்தேன். "எது ப்ளஸ்ஸு..." என்று அவர் தனக்குத்தானே முணுமுணுப்பதும், "ஆங், தோ செவப்பு கீது" என்பதும் கேட்டது.

அடுத்த நொடி 'படார்' என்றது. பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் பொறி பறந்தது தெரிந்தது. ஒயர் புகைந்தது. வெறுங்கையால் அதைப் பிடுங்கி எறிந்தார். பிளாஸ்டிக் கருகிய நாற்றம் வண்டிக்குள் வரைக்கும் வந்தது.

சாவியைத் திருப்பினேன். முன்பு 'டிக் டிக்' என்றாவது சொன்னது. இப்போது அதுவும் இல்லை. டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை, ஹாரன் இல்லை, கதவு விளக்கு இல்லை. எனக்கு வந்த கோபத்தில் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதான? தெரிஞ்ச மாதிரி எதுக்கு கை வெக்கறீங்க? மாத்தி குடுத்துட்டீங்க, எரிஞ்சி போச்சி."

"இல்லம்மா. செவப்புப் பக்கம்தான் ப்ளஸ் குட்த்தேன். என் கண்ணால பாத்தேன்."

"பாத்த லட்சணம்தான் தெரியுதே."

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். விரல் நுனிகள் கொப்பளித்திருந்தன. உள்ளே அழைத்துப்போய், திட்டிக்கொண்டே களிம்பு தடவிவிட்டேன். திட்டு நின்றபோது ஆலங்காயத்தில் தனக்குத் தெரிந்த ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனின் நம்பரைச் சொன்னார்.

எலக்ட்ரீஷியன் போனில் நிறையப் பேசுகிறவர். "மாத்தி குட்த்துட்டாங்களா? அப்போ ஈசிஎம் போயிருக்கும் மேடம். அது வண்டிக்கு மூளை மாதிரி. அது பூட்ச்சின்னா இந்த மாடலுக்குக் கெடைக்கறது கஷ்டம். எடைக்குத்தான் போடணும்" என்றார். வந்து பார்க்காமலேயே இறப்புச் சான்றிதழ் எழுதிவிட்டார். சனிக்கிழமைதான் வர முடியுமாம். போனை வைத்துவிட்டு வெகு நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கார் போனால் என்னிடமிருந்து என்ன போகும் என்று அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். பயமாக இருந்தது.

பயம் வந்தால் நான் எதையாவது ஒழுங்காக அடுக்க ஆரம்பித்துவிடுவேன், அது என் சுபாவம். வெள்ளிக்கிழமை மருந்தறை முடிந்ததும் காரோடு வந்த கையேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு ஃபியூஸ் பெட்டி என்று படம் போட்டிருந்தது. குனிந்து, கழுத்தைத் திருகி, மூடியைக் கழற்றினேன். சின்னச் சின்ன ஃபியூஸ்கள், கலர் கலராக, மாத்திரை அட்டை போல. ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ரேடியோ ஃபியூஸில் மட்டும் நடுக்கம்பி அறுந்திருந்தது. மூடியில் இருந்த உபரி ஃபியூஸைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

வண்டி மொத்தமாகச் செத்துக் கிடக்கிறதென்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஏதோ ஒன்று அறுந்திருக்க வேண்டும். மலைக்கு மருந்து வரவில்லை என்றால் முதலில் லாரியைத்தானே விசாரிப்பேன், ஒவ்வொரு அலமாரியையுமா திறந்து பார்ப்பேன்? பானட்டுக்குள் பேட்டரிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி இருந்தது. திறந்தால், போல்ட்டு போட்டு முறுக்கிய பெரிய ஃபியூஸ் ஒன்று, மேலே கண்ணாடி மாதிரி சின்ன ஜன்னல். அந்த ஜன்னல் உட்புறம் கறுத்திருந்தது. உள்ளே இருந்த தகடு உருகி இரண்டாகக் கிடந்தது. மறுபடியும் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன்.

"மெயின் ஃபியூஸா? நல்லா பாத்தீங்களா?" என்றவர், "அப்போ ஒண்ணு சொல்றேன் மேடம். அது முன்னாடி அடி வாங்கிக்கிட்டா மூளை தப்பிச்சிருக்கும். பாதிக்குப் பாதி சான்ஸ்" என்றார். நேற்று எடைக்குப் போடச் சொன்னவர் இன்று பாதி உயிரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மகன் பேசினான்.

"வண்டி எப்படிம்மா இருக்கு?"

"அதுக்கென்ன, நல்லா இருக்கு."

"ஞாயித்துக்கெழம வந்துடுவ இல்ல?"

"வர்றேன்டா" என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் நன்றாகவே இருந்தது. போனை வைத்த பிறகு காரில் போய் உட்கார்ந்தேன், பழக்க தோஷம். ரேடியோ இல்லை. மழை மட்டும் கூரைத் தகட்டில் விழுந்துகொண்டிருந்தது. உண்மையிலேயே நான் தனியாக இருக்கிறேன் என்று அந்தக் காருக்குள் முதன்முறையாகப் பட்டது. உடனே இறங்கிவிட்டேன்.

சனிக்கிழமை காலை எலக்ட்ரீஷியனை ஜீப்புக்காரரே ஏற்றிக்கொண்டு வந்தார். விரலில் கட்டோடு ஓரமாக நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. புது பேட்டரியும் மெயின் ஃபியூஸும் வந்திருந்தன. எலக்ட்ரீஷியன் பழைய பேட்டரியின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், பக்கவாட்டில் உப்பியிருந்தது. ஸ்பேனரை டெர்மினலில் மாட்டப் போனவர் நின்றுவிட்டார்.

"இன்னா இது, மைனஸ்ல செவப்பா கீது?"

நகத்தால் சுரண்டினார். சிவப்பும் மஞ்சளுமாகக் கெட்டியாக வந்தது. விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தார். "கிரீஸ் மேல குங்குமம்" என்றார். பிறகு மறுபக்கத்தைத் துணியால் துடைத்தார். ஒரு வருடத் தூசியும் காய்ந்த சந்தனமும் உதிர்ந்தன. கீழே, பிளாஸ்டிக்கில், பெரிதாக ஒரு ப்ளஸ் குறி இருந்தது. அதன் மேல் இருக்க வேண்டிய சிவப்பு மூடி எந்தக் காலத்திலோ கழன்று விழுந்திருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. என் கணவர் இறப்பதற்கு முந்தைய ஆயுத பூஜை. அவர் வண்டியைக் கழுவி, பேட்டரி முனைகளுக்குக் கிரீஸ் தடவி வைத்திருந்தார். நான் தட்டோடு வந்து ஸ்டீயரிங்குக்கு, சக்கரத்துக்கு, கண்ணாடிக்கு எல்லாம் பொட்டு வைத்தேன். "பேட்டரிக்கு வெய்யி, அதுதான் வண்டிக்கு உசிரு" என்றார் அவர். எனக்கு எட்டிய முனையில், தாராளமாக, சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமத்தை வைத்தேன். மற்றதற்குச் சந்தனம் மட்டும், குங்குமம் தீர்ந்துபோயிருந்தது. வாழ்நாளெல்லாம் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிறவள், லேபிள் மேலேயே சந்தனத்தை அப்பியிருக்கிறேன். கிரீஸில் குங்குமம் ஊறி, அவர் போன பிறகும், மழையும் வெயிலும் படாமல் பானட்டுக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

நான் கடைசியாக வைத்த பொட்டு அதுதான். அந்த வருடம் ஆயுத பூஜைக்கு நிலையத்தில் மருந்து அலமாரிகளுக்கெல்லாம் பொட்டு வைத்தார்கள். குங்குமத் தட்டு கைமாறிக் கைமாறி வந்தது. என் பக்கம் வந்ததும், யாரும் ஒன்றும் சொல்லாமல், மரியாதையாகவே, அடுத்தவரிடம் திரும்பிப் போயிற்று. காருக்கு நான் பொட்டு வைக்கப் போகவில்லை.

ஜீப்புக்காரர் நினைத்திருந்தால் அப்போது என்னை நன்றாகக் கேட்டிருக்கலாம். "எங்க வூட்ல டிராக்டர் பேட்டரிக்கும் வெப்போம்மா. யாரு ப்ளஸ்ஸு மைனஸ்ஸு பாக்கறாங்க" என்று மட்டும் சொன்னார். "உங்கள ரொம்பப் பேசிட்டேன் தம்பி" என்றேன். "பரவால்லம்மா, களிம்பு நல்ல களிம்பு" என்றார். எலக்ட்ரீஷியன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மருந்தறையைத் திறக்க நேரமாகிவிட்டது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

புது பேட்டரியும் ஃபியூஸும் மாட்டியபின் என்னைக் கூப்பிட்டார்கள். சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டில் எல்லா விளக்குகளும் எரிந்தன. எஞ்சின் ஓர் இருமல் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. மூளை தப்பித்திருந்தது. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். ஆனால் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மட்டும் அணையவில்லை. எலக்ட்ரீஷியன் மீட்டரை வைத்துப் பார்த்தார். "டைனமோ சார்ஜ் குடுக்கல. உள்ள டயோடு எரிஞ்சிருக்கும். இப்டியே ஓட்னா ஆலங்காயம் போய்ச் சேர மாட்டீங்க" என்றார். டைனமோவைக் கழற்றி, சாக்கில் சுற்றி, இருவரும் வாணியம்பாடிக்குக் கிளம்பினார்கள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று, காலையில் ராத்திரியில் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மனம் முழுக்க ஜீப் சத்தத்தில் இருந்தது.

பொழுது சாயும்போது வந்தார்கள். டைனமோ மாட்டினார்கள். சிவப்பு விளக்கு அணைந்தது. ஹெட்லைட், வைப்பர், ஹாரன் என்று ஒவ்வொன்றாக நான் போட்டுக் காட்ட, எலக்ட்ரீஷியன் தலையாட்டினார். கடைசியாக ரேடியோவைத் தட்டினேன். சத்தமில்லை. பின்பக்கம் கழற்றிப் பார்த்துவிட்டு, "செட்டு பூட்ச்சி மேடம். போர்டே கருகிடிச்சி. இது ஆவாது" என்றார். அவருக்கு அது சின்ன விஷயம், சொல்லிக்கொண்டே ஸ்பேனர்களைத் துடைத்தார்.

பிறகு கருவிப் பெட்டியிலிருந்து ஒரு சின்ன டப்பா எடுத்தார். புது பேட்டரி மாட்டினால் வண்டிக்குச் சொந்தக்காரர் கையால் ஒரு பொட்டு வைக்காமல் வண்டியை ஒப்படைக்க மாட்டாராம். டப்பாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார். நீட்டியவர் என் நெற்றியைப் பார்த்துவிட்டார். கை பாதியில் பின்வாங்கியது. "நானே வெச்சிடறேன் மேடம்" என்றார் மெதுவாக.

"இங்க குடுங்க" என்றேன்.

மோதிர விரலில் தொட்டு, குனிந்து, குறியை ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்து, ப்ளஸ் பக்கத்தில் வைத்தேன். ஜீப்புக்காரரும் எட்டிப் பார்த்தார். "இப்ப சரிம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் மகனுக்கு முன்னாலேயே போய் நின்றேன். இடது பக்கம் உட்கார்ந்தவன், கால் இடிக்கிறது என்று சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டான். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ரேடியோவைத் தட்டினான்.

"பாட்டு வரலியா?"

"செட்டு போச்சி."

"வண்டில வேற ஏதாவது பிரச்சினையா?"

பொய் சொல்லப் போனேன். இரண்டு நாளைக்கு முன் நன்றாக வந்த பொய் அப்போது வரவில்லை. வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சாயங்காலங்களில் அந்த சீட்டில் உட்காருவது உட்பட. வீட்டுக்கு வந்ததும் தானே பானட்டைத் திறந்தான். பேட்டரியைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றான்.

"பொட்டு யாரு வெச்சது?"

"நான்தான்."

பானட்டை மெல்ல இறக்கி அழுத்தினான். விற்பதைப் பற்றி மதியம் சொல்வான், சாப்பிட்ட பிறகு சொல்வான் என்று காத்திருந்தேன். சாயங்காலம் ஆலங்காயத்தில் பஸ் ஏறும்போது, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னான்: "ம்மா, நல்ல செட்டா ஒண்ணு வாங்கி அனுப்பறேன். அந்த எலக்ட்ரீஷியனையே மாட்டச் சொல்லு."

தனியாக மலை ஏறி வந்து, பலா மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். சுற்றிப் போய் இடது பக்கம் உட்கார்ந்தேன். மகன் பின்னால் தள்ளிய சீட்டு அப்படியே இருந்தது, என் கால்கள் எதையும் தொடவில்லை. ரேடியோ இல்லை என்று எனக்குத் தெரியும். டிரைவர் சீட்டு காலியாக இருந்தது. கடைக்குப் போனவர் வந்துவிடுவார் என்று அன்று நான் நினைத்துக்கொள்ளவில்லை. அவர் வரமாட்டார். அதைத் தெரிந்துகொண்டே, அந்த சீட்டைப் பார்த்து, வாய்விட்டுச் சொன்னேன்.

"வண்டி ஓடுதுங்க."